சுண்ணாம்பு அடிச்ச புள்ள

எங்க வீட்டுச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு ஏழெட்டு வருஷம் ஆச்சுங்க. நான் செஞ்ச சாமானுக்கு மட்டும் தினமும் அடிச்சாங்க.

சுண்ணாம்புன்னா நிஜச் சுண்ணாம்பு இல்லை. சர்க்கார்ல அதுக்கு 'உரிமைக் காப்பு'ன்னு பேரு. சட்டம் வந்தப்போ டிவியில கோட்டுப் போட்ட ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே விளக்கினாரு. செல்போனாகட்டும், கடை வாசல் கேமராவாகட்டும், இனி எல்லாக் கண்ணுக்குள்ளயும் ஒரு மூளை இருக்குமாம். ஒரு கம்பெனி பேர்ல பதிஞ்ச உருவத்தை அவன் அனுமதி இல்லாம யாராச்சும் செஞ்சிருந்தா, அந்தக் கண்ணு அதைப் பார்க்காது. அந்த இடத்துல வெள்ளையா ஒரு திட்டுதான் தெரியும். நேர்ல பார்த்தா பொருள் குத்துக்கல்லாட்டம் இருக்கும். போட்டோ எடுத்தா வெள்ளை. அப்புறம் எங்க விளம்பரம் போடறது? கூரியர் ஆபீஸ் மிஷின் பார்சலை எடுக்காது, பில் போடற மிஷின் 'பொருள் இல்லை'ன்னு கத்தும். திருப்பூர்ல எங்க ஆளுங்க அதுக்குச் சுண்ணாம்புன்னு பேர் வெச்சுட்டாங்க. காலையில பார்த்தா சாப்டாச்சான்னு கேக்கறதில்லை. "உனக்கு அடிச்சாச்சா?" "நேத்தே அடிச்சுட்டான் அக்கா." இதான் பேச்சு.

என் பேரு சுகந்தி. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. துணியை ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்து, ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிச்சு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. அதையும் ஒரு மிஷின் கண்ணு வந்து வாங்கிக்கிச்சு. சரி, கை சும்மா இருக்குமான்னு, கம்பெனிங்கள்ல மிச்சம் விழற காட்டன் நூலை வாங்கி, குரோஷா ஊசியில பொம்மையும் தொப்பியும் போட ஆரம்பிச்சேன். என்ன பொம்மை? வேறென்ன, மொச்சுதான்.

மொச்சுவைத் தெரியாத புள்ளை இருக்காது. பஞ்சுமேகம்னு ஒரு சித்திரக் கம்பெனியோட கார்ட்டூன். ஊதாக் கலர் கரடிக்குட்டி. சாதாரணமா ரெண்டு காது, உச்சந்தலையில மூணாவதா ஒரு காது. யாரு காதுலயும் விழாததெல்லாம் அந்த மூணாவது காதுல விழும். பல்லிக்குட்டி அழுதா விழும், பூட்டின வீட்டுக்குள்ள தனியா இருக்கற பாட்டி முனகினா விழும். உடனே ஓடும். எனக்கே பார்க்கப் பிடிக்கும், வெக்கமில்லாமச் சொல்றேன். பிடிக்காம ஒரு கரடிக்கு ஆயிரம் கண்ணி போட முடியுமா?

அந்தச் சுண்ணாம்புல இருந்து தப்பிக்க எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருந்துச்சு. மூணாவது காதை மடிச்சுப் போட்டுருவோம். நேரா நிக்காம நாய்க்குட்டிக் காதாட்டம் முன்னாடி தொங்கும். 'மடிச்ச காது'ன்னே அதுக்குப் பேரு. மிஷின் பார்த்துட்டு, இது மொச்சு இல்லை, வேற ஏதோ ஜந்துன்னு விட்டுரும். புள்ளைங்களுக்கு மட்டும் தெரியும். கையில வாங்கினதும் விரலால காதை நிமித்தி விட்டுக்குவாங்க. ஒரு வருஷத்துக்கும் மேல இப்படியே ஓட்டினோம்.

அப்பத்தான் கோகுல் வந்தான். பிரிண்டிங் யூனிட்ல ஷிப்டு பார்க்கற பையன், எங்க வீதிக்கு அடுத்த வீதி. கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் மக மகிழினி. யூகேஜி.

"அக்கா, சித்த பேசணுங்க்கா," ன்னான். "பாப்பாவுக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காதுங்க. ஆபரேஷன் பண்ணி உள்ளே மிஷின் வெச்சிருக்கு. வெளியில தலையில காந்தத்துல ஒட்டற வில்லை, அதோட ஒரு மைக். ஸ்கூல்ல புள்ளைங்க பிடுங்கி விளையாடறாங்க. ரெண்டு தடவை தொலைஞ்சு போச்சுங்க. இவளும் போட மாட்டேங்கறா, எல்லாரும் பார்க்கறாங்கன்னு. மொச்சுத் தொப்பிக்குள்ள மறைச்சு வெச்சாப் போட்டுக்குவா."

"அந்தக் கம்பெனித் தொப்பி கடையில விக்குதே தம்பி?"

"வாங்கிப் பார்த்துட்டேங்க்கா. முடி முடியா சிந்தெடிக், வேர்த்துக் கொட்டுது. அந்த மூணாவது காதுக்குள்ள வெறும் ஸ்பாஞ்சு. மைக்கை எங்க வெக்கறது? கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு மாடல் கிடையாதுன்னுட்டாங்க."

புள்ளை என் மடியில இருந்த பொம்மையையே பார்த்துக்கிட்டிருந்தா. மடிச்ச காதை நிமித்தி நிமித்தி விட்டா, அது திரும்பத் திரும்ப மடிஞ்சுது. எனக்கு அந்த முகத்தைப் பார்த்துட்டு மாட்டேன்னு சொல்ல வாய் வரலை.

மெல்லிசு காட்டன்ல காத்து போற மாதிரி போட்டேன். உள்பக்கம் வில்லைக்கு ஒரு பை. மூணாவது காதுக்குள்ள மைக். மைக் முன்னாடி பார்த்தாத்தானே கேக்கும், அதனால அந்தக் காதை மடிக்க முடியலை. நேரா நிமித்தி வெச்சேன், அச்சு அசல் மொச்சு. சுண்ணாம்பு விழும்னு தெரியும். விழட்டும், விக்கறதுக்கா செஞ்சேன்? அதைச் செஞ்சதுக்கு இன்னிக்கு வரைக்கும் நான் வருத்தப்படலைங்க. எவன் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

தொப்பியை மாட்டினதும் மகிழினி கண்ணாடி முன்னால நின்னா. அப்பாகிட்டத் திரும்பி, "அப்பா, எனக்கு மூணாவது காதுலதான் கேக்குது!" ன்னா. அதுக்கப்புறம் அந்தத் தொப்பியை அவ கழட்டினதே இல்லை. ஸ்கூல்லயும் விட்டுட்டாங்க, காது மிஷின் சமாச்சாரம்னு. பொறந்த நாள் போட்டோவுல எல்லாப் புள்ளைங்களும் இருக்கும், நடுவுல கழுத்துக்கு மேல ஒரு வெள்ளைத் திட்டு நிக்கும். கோகுல் எனக்குக் காட்டிச் சிரிப்பான். "அக்கா, நம்ம வெள்ளைப் பிசாசைப் பாருங்க." நானும் சிரிச்சேன். கேமராவுல விழலைன்னா என்ன, கண்ணு முன்னாடி இருக்குதேன்னு நினைச்சோம். எத்தனை கேமராவை நம்பித்தான் ஊரே நடக்குதுன்னு அப்போ யோசிக்கலை.

அந்த வருஷம் ஸ்கூலுக்குப் புது வண்டி வந்துச்சு. டிரைவர் இல்லாத வண்டி. பழைய வண்டியில ஒரு ஆயாம்மா இருந்தாங்க, புள்ளைங்களை ஏத்தி இறக்கி எண்ணிப் பார்க்கறவங்க. புது வண்டிக்கு உள்ளேயே கண்ணு இருக்கு, அதுவே தலையை எண்ணிக்கும்னு ஆயாம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

முதல் வாரமே நடந்துது. மகிழினி கடைசி சீட்டுல சுருண்டு படுத்துத் தூங்கிட்டா. ஸ்கூல் வந்ததும் மத்ததெல்லாம் திமுதிமுன்னு இறங்கிப் போச்சு. வண்டி உள்ளே பார்த்துச்சு. தலைதான் அதுக்குக் கணக்கு. கடைசி சீட்டுல தலை இல்லை, வெறும் வெள்ளை. கதவைப் பூட்டிக்கிட்டு மைதானத்து ஓரமாப் போய் வெயில்ல நின்னுக்கிச்சு.

பங்குனி மாச வெயில்ங்க.

கிளாஸ்ல வருகையும் கேமராதான் எடுக்கும். அதுக்கு இவளைத் தெரியாதுன்னு டீச்சரே தினமும் கையால போடுவாங்க, அன்னிக்குப் புள்ளையைக் காணோம். பாப்பா வரலைன்னு கோகுல் போனுக்கு மெசேஜ் போச்சு. அவன் கையால ஏத்தி விட்ட புள்ளை! வேலையைப் போட்டுட்டு ஓடியிருக்கான். ஸ்கூல் ஆபீஸ்ல திரையைக் காட்டி, "பாருங்க சார், வண்டியில யாரும் இல்லை"ன்னு சொல்றாங்களாம். இவன் திரையைப் பார்க்காம வண்டியைப் பார்த்து ஓடினான். கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைச்சான். உள்ளே தொப்பியோட மயங்கிக் கிடந்தா.

பொழைச்சுக்கிட்டா. சாமி புண்ணியம். ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தி, காய்ச்சல் விட்டு, திரும்ப 'அத்தை'ன்னு என்னைக் கூப்பிடற வரைக்கும் நான் தண்ணி குடிச்சதும் ஞாபகம் இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. நோட்டீஸ் யாருக்கு வந்துச்சுன்னு நினைக்கறீங்க? எனக்குத்தான். அனுமதி இல்லாத பொருளைச் செஞ்சு ஒரு குழந்தையோட உயிருக்கு ஆபத்து உண்டாக்கினேனாம். பஞ்சுமேகத்தோட வக்கீல் மெட்ராஸ்ல இருந்து நேர்லயே வந்தாரு. சேவியர்னு பேரு. ராத்திரி ரயில்ல தூங்காத முகம். என் வீட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, டீயைக் குடிச்சுக்கிட்டே பேசினாரு. கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மேடம், எங்க ஏற்பாடு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. கம்பெனித் தொப்பி போட்டிருந்தா வண்டிக்குப் பாப்பா தெரிஞ்சிருப்பா."

"கம்பெனித் தொப்பியில அவளுக்குக் காது கேக்காதுங்க சார்."

அவரு டம்ளரைப் பார்த்தாரு. "எனக்குப் புரியுது. ஆனா எனக்குக் குடுத்த வேலை இது. நீங்க செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இருக்கற தொப்பி, பொம்மை, மாதிரி எல்லாத்தையும் ஒப்படைச்சுடுங்க. இனிமே மொச்சு செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுங்க. கம்பெனி உங்க மேல வழக்குப் போடாது."

பக்கத்துல நின்ன கோகுல் கொதிச்சுட்டான். "போடாதீங்க அக்கா! நம்ம புள்ளையை அவங்க வெயில்ல வேக வெச்சதுக்கு நாமளே தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா?" ன்னு வக்கீல் கேட்டாரு.

போகலை. இந்தப் பிரச்சினை முடியாம வண்டியில ஏத்த மாட்டோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஷிப்டு, ஸ்கூல் ஊருக்கு அந்தப்பக்கம். புள்ளை வீட்டுல டிவி பார்த்துக்கிட்டிருந்தா. இப்பத்தான் நாலு பேரோட பேசப் பழகின புள்ளை, திரும்ப வாயை மூட ஆரம்பிச்சிருந்தா. கோகுலோட சம்சாரம் ஹேமா அதைச் சொல்லி முந்தின நாள்தான் என்கிட்ட அழுதிருந்தா.

"நான் கையெழுத்துப் போட்டா, தொப்பியும் இல்லைன்னு ஆயிட்டா, வண்டிக்கு இவளைத் தெரியுமா?" ன்னு கேட்டேன்.

"தொப்பி இல்லைன்னா வெள்ளையும் இல்லை. அவ்வளவுதானே?"

யானையோட மல்லுக்கட்ட என்கிட்ட என்ன இருக்கு? ஒரு ஊசி. புள்ளை ஸ்கூலுக்குப் போனாப் போதும்னு ஆயிருச்சு எனக்கு. போட்டேன். ரெண்டு கோணிப்பை நிறைய மொச்சுங்களை வந்து அள்ளிக்கிட்டுப் போனாங்க. மகிழினி தொப்பியையும் கேட்டாங்க. அவ குடுக்க மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டா. நான்தான் அவ தலையில இருந்து எடுத்தேன். வில்லையையும் மைக்கையும் கழட்டிப் பழையபடி காதுக்குப் பின்னாடி மாட்டி விட்டேன். அவ என்கிட்ட அன்னிக்குப் பேசலை.

கடைசியா விசாரணைன்னு ஒரு சடங்கு. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு ரூம், அதுல பெரிய திரை. நடுவர் அம்மா மெட்ராஸ்ல இருந்து திரையில வந்தாங்க. பக்கத்துல சின்னக் கட்டத்துல எங்க ரூம் தெரிஞ்சுது. நான், கோகுல், நடுவுல மகிழினி, அந்தப் பக்கம் வக்கீல். புள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டு, புது கவுன் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். தொப்பி கிப்பி ஒண்ணும் இல்லை.

நடுவர் அம்மா காகிதத்தை எல்லாம் படிச்சாங்க. குரல்ல அலுப்பு. இந்த மாதிரி தினமும் எத்தனை பார்ப்பாங்களோ. "சரி, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டீங்க. முடிச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி குழந்தையை ஒரு தடவை பார்த்துடறேன். கூட்டிட்டு வரலையா?"

"இங்கதாங்கம்மா இருக்கா," ன்னான் கோகுல்.

"எங்க?"

அப்பத்தான் அந்தச் சின்னக் கட்டத்தை நல்லாப் பார்த்தேன். நான் இருந்தேன். கோகுல் இருந்தான். எங்களுக்கு நடுவுல நாற்காலியில வெள்ளையா ஒரு திட்டு.

மகிழினி எந்திரிச்சு நின்னு கையை ஆட்டினா. திரையில வெள்ளை கொஞ்சம் உசந்துது, அவ்வளவுதான். அவ தன்னைத் தேடினா. என்னைப் பார்த்தா, என் பக்கத்துல பார்த்தா. அப்புறம் என் சீலையைப் பிடிச்சு இழுத்தா.

"அத்தை, நான் எங்க?"

நான் என்னங்க சொல்லட்டும்? "இங்கதான் இருக்கே கண்ணு, என் பக்கத்துல இருக்கே" ன்னு அவளைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். திரையில என் மடியும் வெள்ளையாப் போச்சு.

நடுவர் அம்மா குரல் மாறிப்போச்சு. "மிஸ்டர் சேவியர், நீங்க அந்த ரூம்ல இருக்கீங்க. குழந்தை அங்க இருக்கா, இல்லையா? உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க."

இல்லைன்னு சொல்ற வாய் வக்கீலுக்கு இல்லை, இருக்குன்னு சொன்னா கம்பெனிக்காரன் சும்மா விட மாட்டான். தண்ணியைக் குடிச்சாரு. "இருக்கா மேடம். மஞ்சள் கவுன் போட்டிருக்கா. என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா."

வெளியில போய் யாருக்கோ போன் பண்ணிட்டு வந்தாரு. வந்தவரு நின்னுக்கிட்டே சொன்னாரு.

"நீங்க எல்லாம் காதை மடிச்சு விட்டீங்களே மேடம், அதுக்கப்புறம் மூளையை மாத்தியிருக்காங்க. உருவத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துருதுன்னு, அந்த உருவத்தோட எப்பவும் யார் வர்றாங்கன்னும் சேர்த்துப் படிக்க வெச்சிருக்காங்க. பாப்பா மாசக்கணக்குல அந்தத் தொப்பியோடயே எல்லாக் கேமரா முன்னாடியும் போயிருக்கா. தொப்பி எது, பாப்பா எதுன்னு அதுக்குப் பிரிச்சுத் தெரியலை. அதோட கணக்குல இவளே ஒரு போலி மொச்சு."

"அழிச்சுருங்க," ன்னான் கோகுல்.

"ஒருத்தரை மட்டும் அதோட நினைப்புல இருந்து பிரிச்சு எடுக்க முடியாதாம்."

மாவுல போட்ட உப்பு மாதிரின்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வக்கீல் தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னாரு. "கம்பெனி ஒரு வழி சொல்லுது. பாப்பா பேர்ல ஒரு உரிமம் போட்டுடலாம். அனுமதி பெற்ற மொச்சு உருவம்னு. அப்போ எல்லாக் கண்ணுக்கும் தெரிவா. காசு வேண்டாம். வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சாப் போதும்."

கோகுல் கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. மெதுவாத்தான் கேட்டான். "ஒரு வருஷம் நான் மறந்துட்டா, என் புள்ளை என்ன ஆவா சார்?"

என் மடியில இருந்து புள்ளையை வாங்கிக்கிட்டான்.

"அவளுக்கு நாங்க பேரு வெச்சிருக்கோம். மகிழினி. அது பதிஞ்சிருக்கு, ஆஸ்பத்திரியில. இன்னொருத்தன் பேர்ல அவளைப் பதிய மாட்டேன்."

நடுவர் அம்மா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் உத்தரவு போட்டாங்க. மூளையைச் சரி பண்ற வரைக்கும், அந்த வண்டியில கண்ணால பார்த்துப் புள்ளைங்களை எண்ண ஒரு ஆளைப் போடணும், சம்பளம் பஞ்சுமேகம் குடுக்கணும். என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்துச்சு. இனிமே நான் மொச்சு செய்யக் கூடாது.

பழைய ஆயாம்மாவைக் கூப்பிட்டாங்க. அவங்க மக வீட்டுக்குப் போயிட்டாங்களாம், வரலை. வேற யாரும் அந்தச் சம்பளத்துக்கு வர்றதாத் தெரியலை. எனக்குத்தான் கை சும்மா இருந்துச்சே, நான் போனேன். சுண்ணாம்பு அடிக்கறவன் காசுலயே இப்போ என் வீட்டு உலை கொதிக்குது. காலக்கொடுமையைப் பாருங்க.

சரி பண்றோம், சரி பண்றோம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. மழைக்காலம் வந்து போச்சு. தினமும் வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி உள்ளேருந்து ஒரு பொம்பளைக் குரல் "பதினெட்டுப் பேர்" னு சொல்லும். நான் செக்கிங் டேபிள்ல துணியைத் தொட்ட மாதிரி ஒவ்வொரு தலையாத் தொட்டுக்கிட்டே போவேன். கடைசி சீட்டுல மகிழினி, அவளை ஒட்டிக்கிட்டு அவ கூட்டாளி சஷ்டிகா. ரெண்டும் ஒரே டப்பாவுல முறுக்குத் தின்னும், ஒருத்தி கிளிப்பை ஒருத்தி மாட்டிக்கும், தோள் மேல கை போடாம உக்காராது. மகிழினி தலையைத் தொட்டதும் வண்டியில இருக்கற அத்தனையும் சேர்ந்து கத்தும், "பத்தொன்பது!" நான் பட்டனை அமுக்குவேன், வண்டி நகரும். புள்ளைங்களுக்கு அது ஒரு விளையாட்டாப் போச்சு. எனக்குமே அந்தச் சத்தத்துல கொஞ்சம் அலுப்புத் தீரும்.

இன்னிக்குக் காலையில வண்டி, "பதினேழு பேர்" னு சொல்லுச்சு.

யாரோ லீவு போலன்னு நினைச்சுத் தொட்டுக்கிட்டே போனேன். ஒரு சீட்டும் காலி இல்லை. மகிழினியைக் கழிச்சாலும் இன்னொரு தலை அந்தக் கண்ணுக்குத் தெரியலை. கடைசி சீட்டுக்கு வந்தேன். மகிழினி தோள்ல கை போட்டுக்கிட்டு சஷ்டிகா என்னைப் பார்த்துச் சிரிச்சா. வாயெல்லாம் முறுக்கு. ரெண்டு பேர் தலையிலயும் கை வெச்சேன். புள்ளைங்க எப்பவும்போல, "பத்தொன்பது!" ன்னு கத்துச்சுங்க.

பட்டன்கிட்டக் கையைக் கொண்டு போனேன், அமுக்க வரலை. திரும்ப முதல் சீட்டுக்குப் போய் ஒவ்வொரு தலையாத் தொட்டு எண்ணினேன். பத்தொன்பது பேரும் இருந்தாங்க.